மாலை ஆறரைக்குப் புளிக்கும் காப்பி

ஆறு மாதமாக என் வறுவலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு டப்பாவிலிருந்து எடுத்து அரைத்த கொட்டை கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கும். அதே டப்பா, அதே அளவு, அன்று மாலை ஆறரைக்குப் போட்டால் நாக்கின் ஓரம் சுருங்கும்படி புளிக்கும். கொட்டை உள்ளே வேகவில்லை என்று நினைத்து அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாக வறுப்பேன். அப்போது காலைக் காப்பி கசக்கும், மாலைக் காப்பி அப்போதும் புளிக்கும். இப்படியே கிலோக் கணக்கில் கொட்டை போனது. எங்கே கோளாறு என்று பிடிபடுவதற்குள் எஸ்பிரெசோ மெஷினை (சூடான தண்ணீரை அழுத்தி, தூள் வழியே தள்ளிக் காப்பி இறக்கும் சாமான்) மூன்று தடவை பிரித்து மாட்டியாகிவிட்டது. நடுவில் செய்த சில்லறை வேலைகள் வேறு யாருக்காவது உதவலாம் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

மெஷின் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. வெளிநாடு போகும் ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் செய்தது, ஒற்றை பாய்லர், 58 மி.மீ. கைப்பிடி (தூளைப் போட்டு மெஷினில் மாட்டும் கிண்ணம்), 1300 வாட் ஹீட்டர், உள்ளே உல்கா இ.பி.5 என்ற சின்ன வைப்ரேட்டரி பம்பு. இரண்டு வருடமாக ஓடவில்லை. 6,500 கேட்டார்கள், 5,000 ரூபாய்க்கு முடிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு தக்கலை வரை பஸ்ஸில் வந்தேன். களியக்காவிளை தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர், "தையல் மெஷினா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் மார்த்தாண்டம் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருகி சுவிட்சைப் போட்டேன். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச்) விழுந்தது. ஏற்றினேன், மறுபடி விழுந்தது. சீரியல் நடுவில் நின்றுபோன கோபத்தில் அம்மா, "மக்களே, அந்தச் சாமானைத் தூக்கி வெளிய வை" என்றாள்.

மல்டிமீட்டரில் ஹீட்டர் முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் இடையே பார்த்தேன். 5 கிலோ ஓம் காட்டியது. 230 வோல்ட்டை 5,000 ஓமால் வகுத்தால் 46 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கே விழ வேண்டிய ஆர்.சி.சி.பி. வேறென்ன செய்யும்? ஹீட்டர் எரிந்து போய்விட்டதென்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் அளவு சரியாக இருந்தது. இந்த மாதிரி ஹீட்டர் குழாய்க்குள் கம்பிச் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்று அடிக்கும் ஊரில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் குழாயின் முனைகள் வழியே ஈரம் ஏறி, உடம்புக்குக் கசிய ஆரம்பிக்கும். அப்படியானால் அதைக் காயவைத்தால் போதும்.

தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ், வயர், ரப்பர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பாய்லர் மேல்பாதியை மனைவி கேக் செய்கிற ஓ.டி.ஜி. அடுப்பில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தேன். (ஃபியூஸைக் கழற்றாமல் வைத்துவிடாதீர்கள்.) ஆறிய பிறகு அளந்தால் 20 மெகா ஓம் வரம்பையும் தாண்டிவிட்டது. எர்த் கம்பியை உருவிவிட்டு ஓட்டினால் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீரும் உலோகமும் ஈரக் கையுமாகப் புழங்குகிற சாமானில் எர்த்தைக் கழற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

பாய்லர் உள்ளே சுண்ணாம்பு முட்டை ஓட்டுக் கனத்துக்குப் படிந்திருந்தது. பழைய வீட்டுத் தண்ணீரின் வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கெட்டிலில் எத்தனை மாதம் கொதிக்கவைத்தாலும் வெள்ளை படிவதில்லை. லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட், இருபது நிமிடம், கழுவு, மறுபடி இருபது நிமிடம். ராத்திரி முழுக்க ஊறப்போடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் பாய்லர் அலுமினியம். சுண்ணாம்பு தீர்ந்ததும் ஆசிட் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும்.

கைப்பிடி போய் இறுகும் இடத்தில் இருக்கிற கேஸ்கெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 8.5 மி.மீ. தடிமன் உள்ள ரப்பர் வளையம், சூட்டில் வெந்து பேக்கலைட் மாதிரி கெட்டியாகி இருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் துண்டு துண்டாகத்தான் வரும். எதிரெதிரே இரண்டு மர ஸ்குரூவை அதில் முறுக்கி, கட்டிங் பிளேயரால் ஸ்குரூவைப் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். கழற்றியாகிவிட்டது. புதிது எங்கே கிடைக்கும்?

மூன்று பக்கமும் ரப்பர் தோட்டம். பேச்சிப்பாறைப் பக்கம் போனால் மலையே ரப்பர். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்குப் பெங்களூருக்கு ஆர்டர் போட வேண்டுமா என்று ரோஷம் வந்தது. பால்வெட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு படி மேலே போய் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, "இதை வெட்டி வைடே" என்றார். அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார், நான் முக்கால்வாசி நம்பினேன். நாகர்கோவிலில் மோட்டார் சாமான் விற்கும் கடையில் 8 மி.மீ. ரப்பர் ஷீட் வாங்கி, காம்பஸால் வட்டம் போட்டு, பிளேடால் அறுத்து மாட்டினேன். நன்றாகவே இறுகியது. முதல் டம்ளரைக் குடித்தபோது வெயிலில் நிற்கும் லாரியின் டயரை நக்கிய மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ரப்பர் பிசுபிசுக்கத் தொடங்கியது. 100 டிகிரியைத் தொடும் தண்ணீரும் நீராவியும் தினமும் பட்டால் சாதாரண ரப்பர் தாங்காது. அந்த இடத்துக்கு உணவுத்தர சிலிக்கான் அல்லது இ.பி.டி.எம். என்ற சூடு தாங்கும் செயற்கை ரப்பர் வேண்டும். அப்புறம் பேசாமல் பெங்களூரிலிருந்து சிலிக்கான் வளையம் வரவழைத்தேன். கூரியர் செலவோடு 420 ரூபாய், ஒன்பது நாள்.

இனி வறுவல். முதலில் அம்மாவின் இரும்புச் சீனிச்சட்டியும் சிரட்டை அகப்பையும்தான். அதில் வறுக்க முடியாது என்றில்லை. 100 கிராமைக் கை ஓயாமல் கிண்டினால் நன்றாகவே வரும். 250 கிராம் போட்டால்தான் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். அதனால் உருளை செய்யலாம் என்று முடிவெடுத்தேன். மார்த்தாண்டத்தில் ஒரு லேத்துப் பட்டறை அண்ணன், 1.2 மி.மீ. எவர்சில்வர் தகட்டில் 16 செ.மீ. விட்டம், 22 செ.மீ. நீளத்தில் உருட்டிக் கொடுத்தார். உள்ளே மூன்று தகட்டுச் சிறகு, கொட்டையை அள்ளி அள்ளிப் போட. ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) 300 ரூபாய்க்கு ஒரு கார் வைப்பர் மோட்டார் கிடைத்தது. 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 45 சுற்று. இந்த வேலைக்கு அளவெடுத்த மாதிரி. அச்சு சுற்றும் இடத்தில் பித்தளை புஷ். அதில் கிரீஸ் போட்டேன், முதல் வறுவலிலேயே புகைந்து நாறியது. துடைத்தெடுத்துவிட்டு கிராஃபைட் பொடி போட்ட பிறகு சத்தமில்லை. முன்மூடி வழியாகக் சூட்டை அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் ஒன்று கொட்டைக் குவியலுக்குள் முங்கியிருக்கும். அடியில் ஒற்றை பர்னர் காஸ் அடுப்பு. மொத்தம் 3,800 ரூபாய், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

பச்சைக் கொட்டை ஏற்காட்டிலிருந்து, பிளான்டேஷன் ஏ. பழத்தோலை உரித்துக் கழுவிக் காயவைத்த அரபிகாவுக்குத்தான் நம் நாட்டு வியாபாரத்தில் பிளான்டேஷன் என்று பெயர். பழத்தோடு காயவைத்தால் செர்ரி. என் நோட்டில் நன்றாக வந்த ஒரு வறுவல் இப்படி இருக்கிறது: 250 கிராம், உருளை 190 டிகிரிக்கு வந்ததும் போட்டது. 5 நிமிடத்தில் கொட்டை வைக்கோல் மஞ்சள், ஈர வாசம் போய் வறுத்த கடலை வாசம். 9 நிமிடம் 10 விநாடியில் முதல் வெடிப்பு (கொட்டை சூட்டில் படபடவென்று வெடிக்கத் தொடங்குவது), 197 டிகிரி. தீயைக் குறைத்து 10.50-க்கு, 211-ல் கொட்டியாயிற்று. ஆறிய பிறகு எடை 213 கிராம், அதாவது பதினைந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. ஆறவைப்பதற்குச் சுளவுதான் (முறம்). சுளவில் கொட்டி மேசை ஃபேன் முன்னால் நின்று நாலு தடவை புடைத்தால் உமியும் பறந்துவிடும், இரண்டு நிமிடத்தில் கை வைக்கும் சூட்டுக்கும் வந்துவிடும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கூலிங் தட்டுகளை இணையத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் சுளவு ஞாபகம் வரும். பறந்த உமி துணிக்கொடியில் காயும் சட்டையில் போய் ஒட்டும் என்பதை மட்டும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் இரண்டு வம்பு வந்தது. ஒன்று, சாக்கில் இருந்த பச்சைக் கொட்டை ஈரம் இழுத்துக்கொண்டது. அதே தீ, அதே நேரம், ஆனால் எடை இழப்பு 18, 19 என்று ஏறியது, முதல் வெடிப்பு ஒரு நிமிடம் தள்ளிப்போனது. மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் பருவக்காற்றில் வேண்டுமென்றே பரப்பி ஊறவைத்து 'மான்சூன்ட் மலபார்' என்று விற்பது தனிக் கலை. எனக்குக் கிடைத்தது வெறும் நமுத்துப்போன கொட்டை. அதைக் காப்பாற்றலாமென்று சாக்கோடு உள்ளறைக்கு மாற்றினேன். அங்கே அம்மா மாறாமலையிலிருந்து வந்த கிராம்பைப் பரத்தியிருந்தாள். கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எவ்வளவு நியாயம் என்று பத்து நாள் கழித்து எனக்குப் புரிந்தது. இரண்டு கிலோ கொட்டையும் பல்வலி மருந்து வாசம் அடித்தது. இப்போது அரை அரைக் கிலோவாகக் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அரிசி அலமாரியில்.

இன்னொன்று, வெடிப்புச் சத்தம் கேட்கவில்லை. வறுப்பது பின்கட்டில், மேலே தகரக் கூரை. மழை அடித்தால் பக்கத்தில் ஆள் கத்தினாலே கேட்காது, இதில் சோளம் பொரிகிற மாதிரி மெல்லிய படபடப்பு எங்கே கேட்கும்? லேத்து அண்ணன்தான் வழி சொன்னார். பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்வதுதான்: நீள ஸ்குரூ டிரைவரின் முனையை உருளை நிற்கும் சட்டத்தில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்த வேண்டும். கொட்டை உருளும் சரசரப்புக்கு நடுவே டிக், டிக்டிக் என்று முதல் வெடிப்பு காதுக்குள்ளேயே கேட்டது. வெளியே கொட்டோ கொட்டென்று மழை.

இவ்வளவும் சரியான பிறகும் மாலைக் காப்பி புளித்தது.

நோட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கை மில்லில் பதினாலாவது கோடு, 18 கிராம் தூள், 28 விநாடியில் 36 கிராம் இறக்கம், அருமை. இதெல்லாம் காலையில் எழுதியவை. மாலையில் அதே கோட்டில் அரைத்தால் சொட்டுச் சொட்டாக அடைத்துக்கொள்ளும், 50 விநாடி ஆகியும் 20 கிராம் தாண்டாது. அடைக்கிறதே என்று மில்லை மூன்று கோடு திறந்து கொரகொரப்பாக அரைப்பேன். இப்போது 28 விநாடியில் இறங்கும், ஆனால் புளிக்கும். வறுத்து எத்தனை நாள் ஆனது, வாயு போய்விட்டதா, மழைக் காற்றில் தூள் நமுக்கிறதா என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஒரே டப்பா பன்னிரண்டு மணி நேரத்தில் இப்படி மாறி, மறுநாள் காலையில் திரும்பவும் சரியாகுமா என்று மட்டும் யோசிக்கவில்லை. அதை யோசித்திருந்தால் மூன்றாம் தடவை மெஷினைப் பிரித்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் கடைசியில் லேத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். கைப்பிடியின் அடியில் பிரஷர் மீட்டர் மாட்டுவதற்கு 3/8-லிருந்து 1/4 அங்குலத்துக்குப் பித்தளை நிப்பிள் கேட்டிருந்தேன், அதைக் கொடுக்க. மாலை ஆறே முக்கால். ஒரு காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

"பம்பு முக்குதேடே. கரண்டு காணாது."

அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அது தினமும் அடிக்கிறது, நானும் தினமும் கேட்கிறேன்.

மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்தேன். 186 வோல்ட். மெஷினை ஓடவிட்டு பக்கத்து ஓட்டையில் பார்த்தால் 174. மறுநாள் காலை ஏழுக்கு அதே இடத்தில் 231, ஓடும்போது 216. எங்கள் வீடு லைனின் கடைசி. ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டு விளக்கும் மோட்டாரும் ஓடத் தொடங்கினால் எங்களுக்கு வந்து சேர்வது மிச்சம்தான்.

ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். 230-ல் 1300 வாட் தருகிற ஹீட்டர் 174-ல் ஏறக்குறைய 745 வாட்தான் தரும். பச்சைத் தண்ணீர் உள்ளே வர வர சூடு சரிந்துகொண்டே போகும், ஹீட்டரால் ஈடுகட்ட முடியாது. பம்பு கதை இன்னும் மோசம். வைப்ரேட்டரி பம்பில் சுற்றுகிற மோட்டார் கிடையாது. கம்பிச் சுருள் ஒரு இரும்புப் பிஸ்டனை இழுக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். நம்முடைய 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விநாடிக்கு ஐம்பது தடவை. வோல்டேஜ் குறைந்தால் இழுக்கும் பலம் குறையும். நிப்பிளில் மீட்டரை மாட்டிப் பார்த்தேன்: அழுத்தம் காலையில் ஒன்பதரை பார், மாலையில் ஆறு. ஆறு பாருக்கு என் அரைவை அடைக்காமல் என்ன செய்யும்? அதை நான் கொரகொரப்பாக்கி, ஆறிய தண்ணீரை அதன் வழியே வேகமாக ஓடவிட்டு, சாரம் முழுசாக இறங்காமல் புளித்ததற்குக் கொட்டையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் வயரிங். 12 வோல்ட் வீட்டுக்குள்ளேயே விழுவது கூடுதல் என்று எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னான். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்ததும் நியூட்ரல் ஸ்குரூ லூசாகி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கருகியிருந்தது தெரிந்தது. காப்பியை விடுங்கள், என்றைக்காவது அது தீப்பிடித்திருக்கும். போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போட்டோம். வீட்டுக்குள் விழுவது 3 வோல்ட்டாகக் குறைந்தது. மீதிக்கு, பழைய ஏ.சி.க்கு வாங்கி மூலையில் கிடந்த 3 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர். மாலையில் 183 உள்ளே போய் 220 வெளியே வருகிறது. படிப்படியாக ஏற்றுகிற ரிலே வகை என்பதால் இறக்கத்தின் நடுவே ஒரு டக் கேட்கும், மீட்டர் முள் அரை பார் துள்ளும். அது நாக்குக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மில்லைப் பதினாலாவது கோட்டுக்கே திருப்பினேன். 18 கிராம். முதல் ஏழு விநாடி ஒன்றுமில்லை; பிறகு கைப்பிடியின் இரண்டு மூக்கிலும் கறுப்பாக ஒரு துளி நின்று, நூலாக நீண்டு, மெல்லச் சிவந்து தேன் நிறத்துக்கு வந்தது. 29 விநாடி, 36 கிராம். புளிப்பு இருந்தது, ஆனால் பழுத்த நார்த்தங்காயின் புளிப்பு.

அம்மாவுக்குக் கொடுத்தேன். எங்கள் பக்கம் 'காப்பி குடிச்சாச்சா' என்று கேட்டால் இட்லி, புட்டு எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் வளர்ந்தவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, "மீதி எங்கே?" என்றாள். ஒரு மடக்கு குடித்தாள். "கொள்ளாம். கொஞ்சம் வெந்நியும் ஒரு துண்டு கருப்பட்டியும் போட்டுத் தா." போட்டுக் கொடுத்தேன். நானும் அப்படியே ஒன்று குடித்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஸ்டீம் குழாய் இன்னும் சொட்டுகிறது. அடியில் ஒரு டம்ளர் வைத்திருக்கிறேன், ராத்திரிக்குள் கால் டம்ளர் சேர்கிறது. வால்வு சீலிங் தேய்ந்திருக்க வேண்டும், வரும் ஞாயிறு பிரிக்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு ஒட்டுப்பாலோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.